பள்ளிக்கு எடுத்துச் செல்ல எளிய ஜப்பானிய உணவுகள்: சாதம் வேவதிலிருந்து டப்பா மூடுவது வரை

ஜப்பானின் ககாவா மாகாணத்தில் உள்ள தகினோமியா தொடக்கப்பள்ளியில் 2001-ஆம் ஆண்டு, அப்போதைய தலைமையாசிரியர் தகேஷிதா கஸுவோ ‘பெந்தோ நாள்’ என்ற ஒன்றைத் தொடங்கினார். பெந்தோ என்றால் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோகும் உணவு. என்ன சமைப்பது என்று முடிவு செய்வது, பொருள் வாங்குவது, சமைப்பது, டப்பாவில் அடுக்குவது, திரும்பி வந்து பாத்திரம் கழுவுவது என எல்லாவற்றையும் பிள்ளைகளே செய்ய வேண்டும். பெற்றோர் கை வைக்கக் கூடாது. மனையியல் பாடம் ஐந்தாம் வகுப்பில்தான் தொடங்குகிறது என்பதால் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமே இது நடந்தது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒரு முறை, ஆண்டுக்கு ஐந்து முறை. பின்னர் இந்த வழக்கம் நாட்டின் பல பள்ளிகளுக்கும் பரவியது. பதினோரு வயதுப் பிள்ளை தனியாகச் செய்து முடிக்கக்கூடிய உணவு எதுவோ அதுவே எளிய உணவு என்ற அளவுகோலை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். கீழே உள்ளவற்றில் எண்ணெயில் பொரிப்பது ஒன்றுக்கு மட்டும் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

ஜப்பானில் எல்லாப் பிள்ளைகளும் தினமும் பெந்தோ கொண்டு போகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள், அது உண்மையன்று. பொதுத் தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலும் ‘க்யூஷோகு’ எனப்படும் பள்ளி உணவு உண்டு. அதன் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1889-இல் யமகாதா மாகாணத்தின் ட்ஸுருஓகா நகரில் ஒரு கோயிலுக்குள் நடந்த பள்ளி, ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த உணவு: சோற்று உருண்டை, சுட்ட உப்பு மீன், ஊறுகாய். பள்ளி உணவுச் சட்டம் 1954-இல் வந்தது. ஆகவே பெந்தோ என்பது சுற்றுலா நாளுக்கும், விளையாட்டு விழாவுக்கும், மழலையர் பள்ளிக்கும், மேல்நிலைப் பள்ளிக்கும் உரியது. தொடக்கப்பள்ளியில், ஒவ்வாமையாலோ உணவு நெறியாலோ பள்ளி உணவை உண்ண இயலாத பிள்ளைகளுக்கு மட்டும் அது அன்றாடத் தேவை. டோக்கியோவின் எதோகாவா வட்டத்தைப் போன்ற இடங்களில் வாழும் சைவத் தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கடைசி வகையில் அடங்கும் என்பதால், மீன் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதையும் ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

பெந்தோவைப் பற்றி முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே: காலை ஆறரை மணிக்குச் செய்தது பன்னிரண்டரை மணிக்கு, சூடு பண்ணாமல், அப்படியே உண்ணப்படுகிறது. அரிசி, சுவையின் அளவு, ஈரம், மூடி போடும் நேரம் எல்லாம் இந்த ஆறு மணி நேரத்தை வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன. சூடாக இருக்கும்போது சரியாக இருக்கும் உப்பு, ஆறிய பின் நாக்குக்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். ஆகவே வீட்டில் தட்டில் பரிமாறுவதைவிட ஒரு பங்கு கூடுதலாகச் சுவையேற்ற வேண்டும். குழம்பாகவோ கூட்டாகவோ நிற்பது எதுவும் இந்த டப்பாவுக்கு ஒத்துவராது.

சாதம்

ஜப்பானியக் குட்டை அரிசியில் அமிலோஸ் என்னும் மாவுப்பொருள் குறைவு. அதனால்தான் அது ஒட்டுகிறது. அதனால்தான் ஆறினாலும் மென்மையாக இருக்கிறது. கோஷிஹிகாரி என்ற பெயர் பையில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பொன்னி, பாஸ்மதி போன்ற அரிசிகள் ஆறினால் விறைத்துப் போகும், உருண்டை பிடித்தால் உதிரும். இதில் கைத்திறனுக்கு வேலையில்லை.

அளவு ‘கோ’ என்ற கணக்கில் சொல்லப்படும். 1 கோ என்பது 180 மி.லி. கொள்ளளவு, எடையில் ஏறத்தாழ 150 கிராம். சோறாக்கும் மின்பானையோடு வரும் கோப்பை இதே அளவுதான். நால்வருக்கு 2 கோ போதும். அரிசியில் முதல் தண்ணீரை ஊற்றியதும் இரண்டு சுற்றுச் சுற்றி உடனே கொட்டிவிட வேண்டும். தவிட்டு வாடை ஏறிய அந்தத் தண்ணீரைத்தான் காய்ந்த அரிசி ஆவலோடு உறிஞ்சும். பிறகு மூன்று நான்கு முறை விரல்களை விரித்து மெல்ல அலசினால், தண்ணீர் லேசாக மங்கிய நிலைக்கு வரும். பளிங்குபோல் தெளியும்வரை கழுவ வேண்டியதில்லை. கோடையில் அரை மணி, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும். மின்பானை இருந்தால் உள்ளே போட்ட கோடு வரை தண்ணீர் விடலாம். சாதாரணப் பாத்திரமானால் 2 கோவுக்கு 400 மி.லி.; மிதமான தீயில் கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து 12 நிமிடம், அணைத்தபின் மூடியைத் திறக்காமல் 10 நிமிடம். இது கஞ்சி வடிக்கும் சோறு அன்று. விட்ட தண்ணீர் முழுவதையும் அரிசியே குடித்துவிட வேண்டும். பிறகு அடியிலிருந்து புரட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும்.

ஒனிகிரி

ஜப்பானியர் வீட்டில் பிள்ளை கற்கும் முதல் சமையல் பெரும்பாலும் இந்தச் சோற்று உருண்டைதான். இதன் வயதும் பெரிது: இஷிகாவா மாகாணத்தில் 1987-இல் யாயோய் காலத்துக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கருகிய சோற்றுக் கட்டி கிடைத்தது; அதுவும் கூம்பி நின்ற வடிவம்தான்.

ஓர் உருண்டைக்கு 100 முதல் 110 கிராம் சோறு. சிறு பிள்ளைக்கு 80 கிராம். 2 கோ அரிசியில் ஆறு உருண்டை வரும். நனைத்த கையில் உப்பைத் தடவிப் பிடிப்பது பழைய முறை. பள்ளிக்குக் கொண்டுபோக அது ஏற்றதன்று. கைத்தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நுண்ணுயிர் சோற்றில் ஏறிப் பெருகினால் அது உண்டாக்கும் நஞ்சு, பிறகு சூடாக்கினாலும் அழியாது. விரலில் சிறு வெட்டுக்காயம் இருந்தால் அபாயம் இன்னும் கூடுதல். ஆகவே மெல்லிய பிளாஸ்டிக் உறையை விரித்து, இரு விரல் சிட்டிகை உப்பைத் தூவி, அதன்மேல் சோற்றைப் பரப்பிப் பிடிப்பதே நல்லது.

செய்முறை இது. உறையின் மேல் சோற்றைப் போட்டு நடுவில் கட்டை விரலால் குழி செய்து, ஒரு தேக்கரண்டி பூரணம் வையுங்கள். உறையின் நான்கு முனைகளையும் தூக்கிச் சேர்த்து முறுக்கினால் சோறு தானே பந்தாகிவிடும். இடக்கையைத் தட்டையாகவும் வலக்கையை வீட்டுக் கூரைபோல் மடித்தும் வைத்து, அழுத்து, மூன்றில் ஒரு பங்கு திருப்பு, மறுபடி அழுத்து. மூன்று நான்கு முறை செய்தால் முக்கோணம் வந்துவிடும். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கை, பிளவு வந்துவிடுமோ என்று இறுக்கிக்கொண்டே போகும். ஒனிகிரியை இறுக்கினால் ஆறிய பின் பிசின்கட்டியாகிவிடும். வெளிப்புறம் மட்டும் கட்டிப்பட்டு, கடித்ததும் உள்ளே பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். சோறு சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஆறிய சோறு ஒட்டாது, ஒட்டவைக்க மேலும் அழுத்துவீர்கள்.

பிடித்த பின் உறையைப் பிரித்து, கம்பி வலையின் மேலோ மூங்கில் தட்டின் மேலோ வைத்து முழுவதும் ஆறவிட வேண்டும். நோரி எனப்படும் கடற்பாசித் தாள் 21-க்கு 19 செ.மீ. அளவில் வரும், அதை மூன்று பட்டைகளாக வெட்டி, பளபளப்பான பக்கம் வெளியே தெரியச் சுற்றலாம். சோற்றோடு ஊறிய நோரியை விரும்புவோரும் உண்டு, மொறுமொறுவென்று இருந்தால்தான் தொடுவோரும் உண்டு. பின்னவர்க்கு நோரியைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் உண்ணும்போது அவர்களே சுற்றிக்கொள்வார்கள். ஒனிகிரியை முந்தைய இரவே செய்து குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. அந்தக் குளிரில் சோற்று மாவு இறுகிப் பருக்கை கல்லாகிவிடும்.

பூரணத்தில் சைவத்துக்கு உகந்தவை உமேபோஷி என்னும் உப்பிட்ட உமே காய், சோயா சாஸில் சுண்டவைத்த, ‘கொம்பு’ என்ற கடற்பாசி, வறுத்த எள்ளும் உப்பும், வேகவைத்த பச்சை சோயாப் பயறு. உமேபோஷியின் கொட்டையை எடுத்துவிட்டு மசித்து வைக்க வேண்டும். அது சோற்றைக் கெடாமல் காக்கும் என்ற நம்பிக்கையில் உண்மை உண்டு என்றாலும், அது தொட்டிருக்கும் இடத்தில்தான் அந்தப் பலன். நடுவில் ஒரு காயை வைத்துவிட்டு டப்பா முழுதும் காப்பாற்றப்பட்டதாக நினைக்கக் கூடாது. சில உமேபோஷிகளில் உலர்ந்த மீன் சீவல் கலந்திருக்கும். ‘கத்ஸுவோ’ என்ற சொல் பெயரில் இருந்தால் அது சைவமன்று. சோற்றின் மேல் தூவும் ஃபுரிகாகே பொடிகளிலும் மீன் சர்வ சாதாரணம். அசைவருக்கு, உப்பிட்ட சால்மன் மீனைச் சுட்டு முள் நீக்கி உதிர்த்து வைப்பது மிகச் சிறந்தது. டூனா மீனும் மயோனைஸும் கலந்தது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெயில் காலத்தில் பனிக்கட்டிப் பை இல்லாமல் அதைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

முக்கோணம் வரவே இல்லை என்றால் ஒனிகிராஸு இருக்கிறது; ‘கையால் பிடிக்காத ஒனிகிரி’ என்பதே அந்தப் பெயரின் குறும்பு. முழு நோரித் தாளின் நடுவில் சோற்றைச் சதுரமாகப் பரப்பி, உப்புத் தூவி, மேலே பொரித்த முட்டையோ கீரையோ வைத்து, மறுபடி சோறு பரப்பி, நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடித்து, உறையில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்த பின் ஈரக் கத்தியால் குறுக்கே வெட்ட வேண்டும்.

தமாகோயாகி

சுருட்டிய முட்டைப் பொரியல். டோக்கியோ பக்கம் இதில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். ஒசாகா, கியோட்டோ பக்கம் தாஷி என்னும் மீன், கடற்பாசிச் சாற்றைச் சேர்த்து மெதுமெதுவென்று செய்வார்கள். சுவையில் எதை விரும்பினாலும், டப்பாவுக்கு முதல் வகையே ஏற்றது. தாஷி சேர்த்தது மதியத்துக்குள் நீர் விட்டு, பக்கத்துச் சோற்றை நனைத்துவிடும்.

முட்டை 2, சர்க்கரை 2 தேக்கரண்டி, சோயா சாஸ் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. உருளைக்கிழங்கு மாவு அரைத் தேக்கரண்டியை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால், உள்ளிருக்கும் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆம்லெட்டுக்கு அடிப்பதுபோல் நுரை வர அடிக்கக் கூடாது. உணவுக் குச்சிகளைப் பாத்திரத்தின் அடியில் தொட்டபடி முன்னும் பின்னும் நகர்த்தி வெள்ளைக்கருவை வெட்ட வேண்டும்.

இதற்கெனச் செவ்வக வாணலி உண்டு. இல்லையெனில் சிறிய ஒட்டாத தோசைக்கல்லே போதும், ஓரங்கள் மட்டும் கூர்ந்து வரும். மிதமான தீயில் எண்ணெய் தடவி, முட்டைக் கலவையில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றுங்கள். எழும் குமிழிகளைக் குச்சியால் குத்தி, மேற்புறம் பாதி இறுகியதும் எதிர் ஓரத்திலிருந்து உங்கள் பக்கமாகச் சுருட்டுங்கள். சுருளை எதிர் ஓரத்துக்குத் தள்ளி, காலியான இடத்தில் எண்ணெய் தடவி அடுத்த பங்கை ஊற்றும்போது, சுருளைச் சற்றுத் தூக்கி அதன் அடியிலும் முட்டை ஓட விட வேண்டும். அந்த ஈரம்தான் இரண்டையும் ஒட்டவைக்கும் பசை. மூன்றாம் பங்கோடு முடிந்தது. சர்க்கரை இருப்பதால் தீ சற்றே கூடினாலும் நிறம் கறுக்கும்.

முதல் இரண்டு சுற்று கிழிந்தாலும் மனம் தளர வேண்டாம், அவை உள்ளே மறைந்துவிடும். கடைசிச் சுற்று மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். நான் முதலில் செய்த பத்துப் பதினைந்தும் உள்ளே கந்தலாகத்தான் இருந்தன, வெட்டினால் ஒருவருக்கும் தெரியவில்லை. உணவகத்தில் நடுவே ஈரமாக விடுவார்கள். பள்ளிக்கு அப்படி விடக் கூடாது, முழுவதும் வேக வேண்டும். சூட்டோடு சமையல் தாளில் சுற்றி வடிவம் பிடித்து, ஆறிய பின் 2 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள்.

துணைக் கறிகள்

கின்பிரா செய்ய ஒரு கேரட்டைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்க வேண்டும். ‘கோபோ’ என்ற வேர்க்கிழங்கு கிடைத்தால் அதையும் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். நல்லெண்ணெய் போன்ற, ஆனால் வறுத்த எள்ளிலிருந்து எடுத்த எண்ணெய் 2 தேக்கரண்டியில் மூன்று நிமிடம் வதக்கி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி சேர்த்து, திரவம் முழுவதும் சுண்டும்வரை கிளறி, எள் தூவி இறக்க வேண்டும். பல குறிப்புகளில் சர்க்கரைக்குப் பதிலாக மிரின் என்னும் இனிப்பான சமையல் திரவம் இருக்கும். அதில் மது இருப்பதால் வேண்டாதவர்கள் சர்க்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். பொரியல் செய்யத் தெரிந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. தேங்காய்த் துருவலைச் சேர்க்கும் ஆசை மட்டும் வரக் கூடாது, ஆறு மணி நேரத்தில் முதலில் கெடுவது அதுதான்.

கோமா-அயே என்பது எள்ளில் பிசறிய கீரை. ஒரு கட்டுப் பசலைக்கீரையை, சுமார் 200 கிராம், கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்துக் குளிர்ந்த நீரில் அலசிப் பிழிய வேண்டும். பிறகு ஒரு தேக்கரண்டி சோயா சாஸை அதன்மேல் விட்டு மறுபடியும் பிழிய வேண்டும். உப்பு ஏறியதும் கீரை உள்ளே வைத்திருந்த மீதித் தண்ணீரையும் விட்டுவிடும். இந்த இரண்டாம் பிழிதலைத் தவிர்த்தால் மதியம் டப்பாவில் பச்சைக் குளம் நிற்கும். வறுத்துப் பொடித்த எள் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, சோயா சாஸ் ஒரு தேக்கரண்டியோடு கலக்கலாம். எள்ளுப்பொடியும் ஈரத்தை உறிஞ்சும்.

கராகே, அதாவது கோழிப் பொரியல், பெரியவர் துணையோடு செய்ய வேண்டியது. எலும்பில்லாத தொடைக்கறி 250 கிராமை 3 செ.மீ. துண்டுகளாக்கி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, சிறிது பூண்டு சேர்த்து அரை மணி ஊறவைத்து, உருளைக்கிழங்கு மாவில் புரட்டி, 170 டிகிரி எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் பொரித்து வெளியே எடுத்து மூன்று நிமிடம் வைத்து, மறுபடியும் அதிகச் சூட்டில் ஒரு நிமிடம் பொரிக்க வேண்டும். பெரிய துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் சிவப்பு இல்லை என்று பார்த்த பிறகே மற்றவை டப்பாவுக்குப் போக வேண்டும்.

இனாரிஸுஷி

முழுச் சைவமாகவும், கோடையிலும் ஓரளவு தாங்குவதாகவும், பிள்ளைகள் இரண்டாவது முறை கேட்பதாகவும் உள்ள ஒரே பண்டம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அபுராகே எனப்படும் பொரித்த சோயாக்கட்டித் தாளே இதன் பை. கிழக்கில் இதை நெல் மூட்டைபோல் நீள்வட்டமாகவும், மேற்கில் நரிக்காதுபோல் முக்கோணமாகவும் செய்வார்கள். இனாரி என்பது நெல்லுக்குரிய தெய்வம், நரி அதன் தூதர்.

நான்கு அபுராகேயின் மேல் ஒரு குச்சியை உருட்டி, பாதியாக வெட்டினால் எட்டுப் பைகள் எளிதில் பிரியும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எண்ணெய் நீக்கிப் பிழியுங்கள். 5 செ.மீ. ‘கொம்பு’ கடற்பாசித் துண்டை ஊறவைத்த 200 மி.லி. தண்ணீரில் சர்க்கரை, சோயா சாஸ் இரண்டும் 2 மேசைக்கரண்டி சேர்த்து, பைகளை அடுக்கி, சாறு ஏறத்தாழ வற்றும்வரை கால் மணி நேரம் சிறு தீயில் விட வேண்டும். கடையில் விற்கும் தாஷிப் பொடியைப் போட்டால் சைவம் போய்விடக்கூடும், பெரும்பாலும் அதில் மீன் இருக்கும். 1 கோ அரிசியில் ஆன சூடான சோற்றில் அரிசி வினிகர் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி கலந்து, விசிறியால் விசிறிக்கொண்டே வெட்டுவதுபோல் கிளறி ஆறவைத்து, பைக்கு 40 கிராம் வீதம் நிரப்பலாம். பைகளை முந்தைய இரவே செய்துவைத்தால் சாறு இன்னும் நன்றாக ஏறும்.

அடுக்குவதும் ஆறவிடுவதும்

என் மகளின் முதல் பள்ளிச் சுற்றுலாவுக்கு, சோறு சூடாக இருந்தால்தானே குழந்தைக்கு நல்லது என்ற நம் ஊர்க் கணக்கில், ஆவி பறக்கப் பறக்க அடுக்கி மூடியைப் பூட்டி அனுப்பினேன். டப்பா பாதி உண்ணப்பட்ட நிலையில் திரும்பி வந்தது. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றன, நோரி கரைந்து சோற்றில் கறுப்பாக அப்பியிருந்தது, முட்டையில் ஒரு புளிப்பு வாடை. நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 20 முதல் 50 டிகிரி வரை உள்ள சூட்டில்; மூடிய டப்பா அந்தச் சூட்டையும் ஈரத்தையும் மணிக்கணக்கில் காப்பாற்றித் தருகிறது. சோற்றில் உள்ள பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை என்பதால், ஆறவைப்பதற்கு மாற்றே இல்லை.

டப்பாவின் கொள்ளளவு எத்தனை மில்லி லிட்டரோ, ஏறத்தாழ அத்தனை கிலோ கலோரி அதில் அடங்கும் என்பது அங்கே பழக்கத்திலுள்ள கணக்கு, 600 மி.லி. டப்பா தொடக்கப்பள்ளி நடு வகுப்புகளுக்குப் பொருந்தும். சோறு 3, முட்டையோ கறியோ 1, காய் 2 என்பது பங்கு. முதலில் சோற்றை ஒரு பக்கம் பரப்பி அங்கேயே ஆறவிடுங்கள். மற்றவற்றைத் தட்டில் தனியாக ஆறவைத்து, பெரியதிலிருந்து சிறியதாக, ஆடாதபடி நெருக்கி அடுக்குங்கள். ஈரமுள்ளவற்றுக்குச் சிறு சிலிக்கான் கிண்ணம் வேண்டும். இடைவெளிக்கு வேகவைத்துத் துடைத்த புரோக்கோலி பொருந்தும். செர்ரித் தக்காளியின் காம்பை நீக்கிக் கழுவித் துடைத்தே வைக்க வேண்டும், காம்படியில்தான் அழுக்கு தங்கும். மழலையர்க்கு முழுத் தக்காளி மூச்சுக்குழாயில் சிக்கும் பண்டம், ஆகவே தவிர்க்கலாம். புறங்கையைச் சோற்றின் மேல் வைத்துப் பார்த்து, சூடு படவில்லை என்றால் மூடலாம். பனிக்கட்டிப் பையை டப்பாவின் அடியில் அன்று, மூடியின் மேல் வைக்க வேண்டும். குளிர் கீழ்நோக்கி இறங்கும்.

ஏழரைக்குப் பிள்ளை கிளம்புகிறது என்றால், முந்தைய இரவு அரிசியைக் கழுவி நேரம் குறித்து வைத்து, கின்பிராவையும் செய்துவிடலாம். காலை ஆறு மணிக்குச் சோற்றைப் பிடித்தோ பரப்பியோ ஆறவிட்டு, முட்டையைச் சுருட்டி, கின்பிராவை மறுபடி நன்றாகச் சூடாக்கி ஆறவைத்தால், ஆறே முக்காலுக்குள் அடுக்கத் தொடங்கலாம், ஏழேகாலுக்கு மூடி. வகுப்பில் பகிர்ந்து உண்ணும் நாளானால், சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதையும் எள், முட்டை சேர்த்திருப்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும்.

மாலையில் டப்பா வந்ததும், மூடியின் உள்ளே உள்ள ரப்பர் வளையத்தை ஒரு மழுங்கிய குச்சியால் நெம்பிக் கழற்றித் தனியாகக் கழுவிக் காயவையுங்கள். மறந்துபோகும் இடம் அது. சோயா சாஸ் அங்கேதான் தேங்கிக் கறுக்கும்.